வாசகர் கேள்வி: சேலை மூட்டை வேண்டாம், பணமாக அனுப்புங்கள்

கேள்வி: ஐயா, நான் ஆனையூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்தவள். அம்மா 1990இல் மண்டபத்தில் வந்து இறங்கினார். சூடானில் சனங்கள் பசியில் சாவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, எங்கள் வரிசைப் பெண்கள் 6,400 ரூபாய் சேர்த்திருக்கிறோம். மூன்று மூட்டை துணியும் இருக்கிறது. எப்படி அனுப்புவது? 'நமக்கே இல்லை, இதில் தானம் வேறா' என்று சிலர் சொல்கிறார்கள்.
- ஒரு வாசகி, ஆனையூர், மதுரை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முகாமில் குடும்பத் தலைவருக்கு அரசு தருவது மாதம் 1,500 ரூபாய். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்த பணத்தில் ஒரு ரூபாய்கூட வீணாகக் கூடாது. ஆகவே நேராகவே சொல்கிறேன். துணியை அனுப்பாதீர்கள்.

அரிசிக் கிடங்கில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். சுனாமி வந்த மறு வாரம், 2005 சனவரியில், எங்கள் தெருவில் சேர்த்த துணிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனோம். எங்களுக்கு முன்னால் வந்த துணியெல்லாம் சாலையோரம் குவிந்து பனியில் நனைந்து கிடந்தது. ஒற்றைச் செருப்பு, கம்பளிச் சட்டை, சரிகை பிய்ந்த கல்யாண ரவிக்கை. ஒரு மீனவப் பெண் என்னிடம் கேட்டார்: "கட்டிக்கொள்ள இருக்கிறது ஐயா. சோறு வடிக்கப் பானை கொண்டுவந்தீர்களா?" எங்கள் லாரியில் பானை ஒன்றுகூட இல்லை. லாரி வாடகைப் பணத்துக்கு அந்த ஊர்க் கடையிலேயே நாற்பது வீட்டுக்குப் பானை வாங்கியிருக்கலாம், கடைக்காரரும் பிழைத்திருப்பார். இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

சூடான் இன்னும் கடினம். 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப் படைக்கும் மூண்ட சண்டையில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வீடிழந்தனர். 2024 ஆகஸ்டில், எல் ஃபாஷர் நகருக்கு அருகே, வீடிழந்தவர்கள் தங்கிய ஜம்ஜம் முகாமில் பஞ்சம் என்று அறிவிக்கப்பட்டது. ஆர்.எஸ்.எஃப். முற்றுகையில் சிக்கிய எல் ஃபாஷர் நகரில் மக்கள் 'அம்பாஸ்' தின்று உயிர் பிழைத்தார்கள். வேர்க்கடலையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை அது. நாம் கறவை மாட்டுக்கு ஊறவைக்கிறோமே, அதே கடலைப் புண்ணாக்கு. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கே உலை வைப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களும் பெண்களும்தான். 'அவசர உதவி அறைகள்' என்ற பெயரில் தெருவுக்குத் தெரு கூடி, பொதுச் சமையல்கூடம் நடத்துகிறார்கள். கைபேசியில் பணம் வந்தால், சந்தையில் கிடைக்கும் பருப்பையும் சோளத்தையும் வாங்கி அன்றே சமைக்கிறார்கள். மூட்டையாக அனுப்பினால் செங்கடல் துறைமுகத்தில் இறங்கி, சோதனைச் சாவடிகளைத் தாண்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் நூற்றுக்கணக்கான சமையல்கூடங்கள் மூடப்பட்டன. அடுப்பு இருந்தது, ஆளும் இருந்தார்கள். பருப்பு வாங்கக் காசு இல்லை.

ஐ.நா. அகதிகள் முகமையும் உலக உணவுத் திட்டமும் தனி ஆட்களிடமும் நன்கொடை வாங்குகின்றன. அகதிகள் முகமையின் சென்னை அலுவலகம் உங்கள் முகாமில் பலருக்குத் தெரிந்ததுதான். எப்படிச் செலுத்துவது என்று அங்கேயே கேளுங்கள். ரசீது வாங்கி, பணம் போட்ட எல்லோருக்கும் காட்டுங்கள்.

'நமக்கே இல்லை' என்பவர்களிடம் கோபப்படாதீர்கள், அதுவும் உண்மைதான். ஆனால் 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து படகில் வந்து அரிச்சல்முனைப் பக்கம் மணல் திட்டில் கைக்குழந்தையோடு இறக்கிவிடப்பட்டவர்களின் தவிப்பு, இந்த மாவட்டத்தில் உங்களைவிட யாருக்கு அதிகம் புரியும்? உங்கள் அம்மாவுக்கு மண்டபத்தில் முதல் சோறு போட்டவர் யார் என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சூடான் குழந்தைகளுக்கு என்று வாட்ஸ்அப்பில் கியூ.ஆர். கோடு வந்தது. பணம் போடலாமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: போடாதீர்கள். அனுப்பியவர் உங்கள் மைத்துனராகவே இருந்தாலும், அவருக்கு யார் அனுப்பினார் என்று கேளுங்கள்.

ஆனையூர் அம்மாவுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த மூன்று மூட்டைத் துணி இருக்கிறதே, நல்ல சேலைகளைத் துவைத்து மடித்து வையுங்கள். பெரியாஸ்பத்திரியில் நோயாளியோடு கட்டிய சேலையோடு வந்து நாள்கணக்கில் தங்கும் கிராமத்துப் பெண்கள் இருக்கிறார்கள். வார்டு செவிலியரிடம் முதலில் விசாரியுங்கள். வேண்டும் என்றால் மட்டும் கொண்டுபோங்கள்.