கடைசி ஓட்டமும் கரி பிடித்த பிளக்கும்

அன்புள்ள அண்ணா,

பரந்தனில் இருந்து எழுதுகிறேன். மச்சானுடைய கராஜில் வேலை செய்கிறேன். ஞாயிறு பின்னேரங்களில் மேசையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு நாலைந்து பேர் சேர்ந்து போர்முலா 1 பார்ப்போம். போன கிழமை பழைய ஓட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்து சண்டையில் முடிந்தது. சம்பியன் பட்டம் முடிவாகிற நேரத்தில் வண்டி பழுதாகிவிட்டது என்பதெல்லாம் வெறும் சாட்டு, ஓடுகிறவனுக்குப் பதற்றம் வந்தால்தான் வண்டி உடையும், நிதானமானவனுக்கு உடையாது என்கிறார் மச்சான். 1986இல் மான்செல், 2006இல் ஷூமாக்கர், 2007இல் ஹமில்டன் என்று விரல் விட்டு எண்ணுகிறார். எனக்கு அது பிழை என்று படுகிறது, ஆனால் எப்படிப் பிழை என்று சொல்லத் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், பரந்தன்

*

அன்புள்ள தம்பி,

மச்சானுக்குப் பாதி மார்க்ஸ் போடலாம். மற்றப் பாதியை வெட்டுவதற்குக் காரணம், அவர் கராஜ் வைத்திருப்பவர் என்பதுதான். ஒரு போல்ட் கழல்வதற்கும் சீற்றில் இருப்பவனின் நெஞ்சடிப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருந்தோம். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் மருந்துக் குப்பியில் அளந்து வாங்குகிற சாமான். மோட்டார் சைக்கிளைச் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து எழுப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். உங்கள் வயதுக்கு இது கதையாகத்தான் தெரியும், மச்சானிடம் கேளுங்கள், அவர் ஓடியிருப்பார். மண்ணெண்ணெயில் ஓடினால் பிளக்கில் கரி பிடிக்கும். அதனால் எல்லோருடைய சேட்டுப் பையிலும் ஒரு பழைய பிளேட் இருக்கும், சீற்றுக்குக் கீழே பிளக் சாவி இருக்கும். வழியில் வண்டி இருமத் தொடங்கினால் இறங்கி, பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, ஊதிப் பூட்டிவிட்டுப் போவோம். கிழமைக்கு மூன்று தரமாவது நடக்கும். அதை யாரும் பழுது என்றுகூடச் சொல்வதில்லை.

ஒரு ஆகஸ்ட் காலை, சித்தியின் மகளை உயர்தரச் சோதனைக்கு முள்ளியவளைக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். பாதி வழியில் வண்டி நின்றது. வழமையான கரிதான். ஆனால் அன்றைக்கு எனக்குக் கை ஓடவில்லை. தங்கச்சி பின்னால் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். சுரண்டிவிட்டுப் பிளக்கைத் திரும்ப முறுக்கும்போது அது கோணலாக ஏறிவிட்டது. விரலால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் நேரே சாவியைப் போட்டு இழுத்தேன். புரி அறுந்தது. அதற்குப் பிறகு அந்த வண்டியை உருட்டத்தான் முடிந்தது. தங்கச்சி அந்த வழியால் வந்த உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தாள், மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால்.

ஊரில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சோதனைக்குப் போற நேரம் பாத்து மெசின் காலை வாரிப்போட்டுது." மெசின் எந்த நேரமும் பார்க்கவில்லை தம்பி. அது முந்தின செவ்வாயும் நின்றது, அதற்கு முந்தின சனியும் நின்றது. அன்றைக்குப் புதிதாக நடந்தது என் கை செய்த வேலை மட்டும்தான். மச்சானுக்கு நான் போட்ட பாதி மார்க்ஸ் அந்தக் கைக்கு.

இப்போது ஓட்டத்துக்கு வருவோம். பட்டம் என்பது வருடம் முழுக்க ஓட்டங்களில் சேர்த்த புள்ளிகளின் கூட்டுத்தொகை, அதனால் கடைசி நாளில் உடைந்தவற்றை மட்டும் எண்ணுவது கணக்குப் பிழை. 2008இல் பட்டம் பிரேசிலின் கடைசி வளைவில் முடிவானதாகத்தான் எல்லோருக்கும் ஞாபகம். மாஸா வெற்றிக்கோட்டைத் தாண்டினார், அவருடைய ஆட்கள் கொண்டாடினார்கள், அதற்குள் ஹமில்டன் கடைசி வளைவில் குளொக்கைத் தாண்டி ஐந்தாவதாக வந்து ஒரு புள்ளியால் பட்டத்தைக் கொண்டுபோய்விட்டார். ஆனால் அதே வருடம் ஹங்கேரியில் மாஸா முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, முடிய மூன்று சுற்று இருக்கையில் எஞ்சின் வெடித்தது. அன்றைக்குப் போனது பத்துப் புள்ளி. 98க்கு 97 என்று தோற்றவருக்கு அந்தப் பத்தும் பெரிதா, கடைசி வளைவில் போன ஒன்று பெரிதா? ஹங்கேரி வருட நடுவில் நடந்ததால் அதை ஒருவரும் பட்டம் முடிவான நாள் என்று சொல்வதில்லை. 2016இலும் அப்படித்தான். ஹமில்டன் மலேசியாவில் முன்னால் ஓடும்போது எஞ்சின் எரிந்தது, வருட முடிவில் நிக்கோ ரொஸ்பேர்க்கிடம் ஐந்து புள்ளியால் பட்டம் போனது.

மான்செலின் கதையை மச்சான் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். 1986இன் கடைசி ஓட்டத்தில், அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில், பட்டத்துக்கு அவருக்கு மூன்றாம் இடம் போதும், அந்த இடத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தார், பதறி ஓட வேண்டிய தேவையே இருக்கவில்லை. 82 சுற்றில் 60ஐத் தாண்டிய பிறகு, மணிக்கு 290 கிலோமீற்றர் அளவு வேகத்தில், இடது பின் ரயர் வெடித்தது. நெருப்புப்பொறி பறக்க வண்டியை அவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மடக்கிப் பிடித்து நிறுத்திய காட்சியைத் தேடிப் பாருங்கள், கை நடுங்குகிறவன் செய்கிற வேலையா அது? கொஞ்சம் முன்னால்தான் நிக்கோவின் தகப்பன் கெக்கே ரொஸ்பேர்க்கின் ரயரும் போயிருந்தது, அது அவருடைய கடைசி ஓட்டம், ரயர் கிழிந்து அடிக்கிற சத்தத்தை எஞ்சின் போய்விட்டது என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அந்த ஓட்டத்தின் நடுவில் அலன் புரோஸ்டின் வண்டிக்குப் பஞ்சர். உள்ளே வந்து ரயர் மாற்றிக்கொண்டு போனார், எல்லோரும் அவர் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். கழற்றிய ரயர்களை ரயர் கொம்பனி ஆட்கள் பார்த்தார்கள், தேய்மானம் பரவாயில்லை, மற்றவர்கள் மாற்றாமலே ஓடி முடிக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு மான்செலின் ரயரில் பொய்த்தது. உடனே மான்செலின் வில்லியம்ஸ் அணி பயந்து, தங்களுடைய மற்ற ஆளாக முன்னால் ஓடிக்கொண்டிருந்த பிக்கேயை உள்ளே கூப்பிட்டது, அந்த இடைவெளியில் புரோஸ்ட் முன்னுக்கு வந்து ஓட்டத்தையும் பட்டத்தையும் வென்றார். அவருடைய வண்டியின் அளவுகாட்டி பெற்றோல் போதாது என்று காட்டிக்கொண்டே இருந்தது, ஆனாலும் கோட்டைத் தாண்டித்தான் நிறுத்தினார். புரோஸ்ட் 72, மான்செல் 70, பிக்கே 69. பஞ்சரானவனுக்குப் பட்டம், பஞ்சராகாமல் ஓடியவனுக்கு வெடிப்பு. இதில் எங்கே பதற்றத்தைத் தேடுவது?

பதற்றத்தைத் தேட வேண்டுமென்றால் 2007க்குப் போங்கள், அங்கே கிடைக்கும். ஹமில்டனுக்கு அது முதல் வருடம். இரண்டு ஓட்டம் மிச்சம் இருக்கையில் ரெய்க்கோனனைவிட 17 புள்ளி முன்னால். சீனாவில் தேய்ந்து நூல் தெரிகிற ரயருடன் அவரை அணி வெளியே விட்டு வைத்தது, கடைசியில் ரயர் மாற்ற பிட்டுக்குள் திரும்பும்போது வழுக்கிச் சரளைக்குள் புதைந்து நின்றார். பிரேசிலில் ஐந்தாம் இடம் வந்தால் போதும். முதல் சுற்றிலேயே அலொன்ஸோவைத் திரும்பப் பிடிக்கப் போய் பாதையை விட்டு அகன்று ஓடி எட்டாம் இடத்துக்கு விழுந்தார். இவை இரண்டும் மனிதர் செய்தது, ஒன்று அணி, ஒன்று அவர். அப்புறம்தான் எட்டாம் சுற்றில் கியர்பெட்டி சில நொடி செத்துக் கிடந்தது, வண்டி ஊர்ந்து 18ஆம் இடத்துக்குப் போனது. அவர் தவறான பொத்தானை அழுத்திவிட்டார் என்று அப்போது ஒரு கதை பரவியது, அணி மறுத்தது. பாருங்கள், மெசின் பழுதுக்கும் ஒரு விரலைத் தேடினார்கள். ஏழாவதாக முடித்து 109, ரெய்க்கோனனுக்கு 110. கியர்பெட்டியை மட்டும் திட்டினால் சீனாவின் சரளை எங்கே போகும்?

ஷூமாக்கரை அந்தப் பட்டியலில் சேர்த்ததுக்கு மச்சான் ஒரு பிளேன்ரீ வாங்கித் தர வேண்டும். 2006இல் ஜப்பானின் சுஸுகாவுக்கு வரும்போது அவரும் அலொன்ஸோவும் ஆளுக்கு 116 புள்ளி. முன்னால் ஓடிக்கொண்டிருந்த ஷூமாக்கரின் எஞ்சின் புகைத்து நின்றது, 2000க்குப் பிறகு ஓட்டத்தில் அவருக்கு நடந்த முதல் எஞ்சின் பழுது. ஆறு வருடமாக உடையாத சாமான். வண்டியை விட்டுவிட்டு வந்து மெக்கானிக்குகளுக்கு ஆறுதல் சொல்லிக் கை கொடுத்தார். இவர் பதறிவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. (1998இல் அதே சுஸுகாவில் முதல் இடத்தில் நின்றுகொண்டு வண்டியை அணையவிட்டாரே என்று அவர் கேட்டால், அது வேறு வழக்கு, அதை நீங்களே பேசித் தீருங்கள்.)

எங்கள் பக்கத்து மாட்டுவண்டிச் சவாரிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் திடலுக்குப் போகிற முதல்நாள் இரவு லாம்பைப் பிடித்துக்கொண்டு கடையாணி இரண்டையும் தானே தட்டிப் பார்ப்பார், மகன்மார் பார்த்துவிட்டோம் என்று சொன்னாலும் விடமாட்டார். ஆனாலும் ஒரு முறை கழன்றது. 1962இல் தென்னாபிரிக்காவில் ஜிம் கிளார்க் பட்டத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் ஓடியபோதும் இதுதான் நடந்தது, எஞ்சினில் சின்ன போல்ட் ஒன்று கழன்று எண்ணெய் ஒழுகியது, கிரஹம் ஹில் சம்பியன். 1964 மெக்சிகோவில் மறுபடி கிளார்க், மறுபடி எண்ணெய், இந்த முறை முடிகிற தறுவாயில். அவரைவிட அமைதியாக வண்டி ஓடியவர்கள் குறைவு.

இவ்வளவும் சொல்லியும் மச்சான் ஒத்துக்கொள்ளாவிட்டால் கார்லோஸ் சைன்ஸின் பெயரைச் சொல்லுங்கள். போர்முலா 1 ஓடுகிற மகன் இல்லை, தகப்பன், ரலி ஓடினவர், அதாவது பாதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நேரம் பார்த்து ஓடுகிற கார் ஓட்டம். 1998 நவம்பர், பிரித்தானியாவில் வருடத்தின் கடைசி ரலி. போட்டியாளர் மக்கினென் முதல் நாளே பழைய கார் ஒன்று சிந்திய எண்ணெயில் வழுக்கிச் சீமெந்துக் கட்டையில் மோதி வெளியே போய்விட்டார். சைன்ஸுக்கு நாலாம் இடம் போதும், நாலாம் இடத்தில் பத்திரமாக ஓடிக்கொண்டு வந்தார். கடைசிக் கட்டத்தின் முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் கொரோலாவின் எஞ்சின் நின்றது, மூடியிலிருந்து புகை வந்தது. பக்கத்தில் இருந்த வழிகாட்டி லூயிஸ் மோயா, ஸ்டார்ட் பண்ணிப் பார் என்று கெஞ்சினார், அப்புறம் இறங்கித் தன் ஹெல்மெட்டை எடுத்துப் பின் கண்ணாடியில் அடித்தார். ஊருக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த மக்கினென் இரண்டு புள்ளியால் சம்பியன்.

அந்தக் காணொளியைக் கராஜில் எல்லோருமாகப் பாருங்கள். சைன்ஸ் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறார், திரும்பவும் பார்க்கிறார். பார்த்துவிட்டு, அந்தக் கை நடுங்குகிறதா என்று மச்சான் என்ன சொன்னார் என எனக்கு எழுதுங்கள்.