நிலாவைச் சுற்றிய வண்ண வளையங்கள்

கேள்வி: வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் நின்றபோது, மெல்லிய மேகத்தினூடே நிலாவைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிந்தன. படத்திலோ வெறும் வெள்ளைத் திட்டுதான் விழுந்தது. எப்படி எடுப்பது?
(வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: நீங்கள் கண்டது, மேகத்தின் நுண்ணிய நீர்த்துளிகளில் நிலவொளி விளிம்பு விலகல் அடைவதால், அதாவது துளிகளின் ஓரத்தில் வளைந்து பரவுவதால், தோன்றும் ஒளிவளையம். நிலாவை ஒட்டி நீலம் கலந்த வெண்மையும், அதன் ஓரத்தில் செம்பழுப்பும், அதற்கும் வெளியே சில வேளைகளில் பச்சை, சிவப்பு வளையங்களும் தெரியும். துளிகள் சிறியவையாக இருந்தால் வளையம் பெரிதாகும். எல்லாம் ஒரே அளவில் அமைந்தால் நிறங்கள் தெளிவாகப் பிரியும். பனிப்படிகங்களால் 22 பாகை ஆரத்தில் உண்டாகும் பெரிய வட்டம் வேறு. அதற்கு அகலக் கோண லென்ஸ் வேண்டும், இதற்கு 100 முதல் 200 மி.மீ. லென்ஸ் பொருந்தும்.

தானியங்கி முறையில் கேமரா இருண்ட வானத்தைக் கணக்கிட்டு ஒளியை அதிகமாக வாங்கிவிடுவதால்தான் நிறங்கள் வெளுத்துப்போகின்றன. முக்காலியில் பொருத்தி, நிலாவின் விளிம்பில் கையால் குவியம் செய்து, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6, ஒளி வாங்கும் நேரம் அரை நொடி என்று தொடங்கி, எட்டில் ஒரு நொடியிலிருந்து இரண்டு நொடி வரை மாற்றி மாற்றி எடுங்கள். அதற்கு மேல் நீட்டினால் நகரும் மேகம் நிறங்களைக் குழப்பிவிடும். நிலாவின் முகமும் வளையமும் ஒரே படத்தில் சரியாக அமையாது என்பதால், கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கோபுர உச்சியால் நிலாவை மட்டும் மறைத்து எடுப்பதையே நான் பெரிதும் பரிந்துரைப்பேன். லென்ஸில் ஈரம் படிந்தாலும் இதே போன்ற வளையம் தோன்றும். ஆனால் கோபுரம் நிலாவை மறைத்ததும் அது காணாமல் போய்விடும், வானத்து வளையமோ அப்படியே நிற்கும்.