வீடியோ காலில் டாக்டரைப் பார்த்தால் இன்சூரன்ஸ் பணம் கிடைக்குமா? கேள்வி பதில்

அண்ணா, காய்ச்சலுக்கு வீடியோ காலில் டாக்டரைப் பார்த்தேன். 600 ரூபாய் ஆனது. 5 லட்சத்துக்கு பாலிசி இருக்கிறது, க்ளெய்ம் போடலாமா?

தம்பி, அதே டாக்டரைக் கிளினிக்கில் நேரில் பார்த்திருந்தால் உங்கள் பாலிசி அந்த 600 ரூபாயைத் தந்திருக்குமா? தந்திருக்கும் என்றால் இதற்கும் தர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2020 ஜூன் 11 அன்று விட்ட சுற்றறிக்கை இதைத்தான் சொன்னது: பாலிசியில் டாக்டர் ஆலோசனைக்கு இடம் இருந்தால் டெலிமெடிசின், அதாவது போனிலோ வீடியோவிலோ பார்க்கும் ஆலோசனைக்கும் இடம் உண்டு, நேரில் போனால் என்ன உச்சவரம்போ அதேதான் இதற்கும். ஆனால் நம்மில் பலர் வைத்திருப்பது ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் பணம் தரும் பாலிசி, அதில் வெறும் காய்ச்சலுக்குப் பார்த்த ஃபீஸ் வராது. பாலிசியில் ஓபிடி, அதாவது அட்மிட் ஆகாமல் டாக்டரைப் பார்க்கும் செலவுக்கான பகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து 20 நாள் கழித்து, அதே சர்ஜன் வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்து மாத்திரை மாற்றிக் கொடுத்தார். எங்களுக்கு ஓபிடி கிடையாது, அதனால் விட்டுவிட்டோம்.

விடாதீர்கள் அக்கா! இதற்கு ஓபிடி தேவையே இல்லை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு ஆகும் செலவு என்று பாலிசியில் தனியாக ஒரு பிரிவு இருக்கும், பல பாலிசிகளில் 60 நாள், சிலவற்றில் அதைவிட அதிகம், அந்த நாட்களுக்குள் அதே நோய்க்காக டாக்டரைப் பார்த்தாலும் மருந்து வாங்கினாலும் டெஸ்ட் எடுத்தாலும் கேட்கலாம், வீடியோவில் பார்த்ததும் அதில் சேர்ந்ததுதான். அட்மிட் ஆவதற்கு முன்னால் அதே வயிற்று வலிக்குப் போனில் பார்த்திருந்தால் அதையும் கேட்கலாம், பெரும்பாலும் 30 நாள் வரை. நான் க்ளெய்ம் வேலை பார்த்த வருடங்களில் ஆபரேஷன் பில்லை மட்டும் அனுப்பிவிட்டு இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்ட குடும்பங்கள் எத்தனையோ, இன்றும் எனக்கு அது ஆற்றாமைதான். பில் அனுப்பக் கடைசி நாள் எது என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

ஓபிடி இருந்தும் தள்ளுபடி செய்துவிட்டார்கள் சார். ஜிபே ஸ்க்ரீன்ஷாட் கொடுத்தேனே?

அது பணம் போனதற்குத்தான் சாட்சி, வைத்தியம் பார்த்ததற்கு இல்லை. 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி மருந்துச்சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும், வாங்கிய ஃபீஸுக்கு ரசீதும் அவர் தர வேண்டும். சீட்டு படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வந்தால் போதும், ஆனால் "இந்த மாத்திரை காலை ஒன்று இரவு ஒன்று" என்று சாட்டில் தட்டிவிட்டது சீட்டு ஆகாது. இப்போதும் அந்த டாக்டரிடம் இரண்டையும் கேட்டு வாங்கி மறுபரிசீலனைக்கு அனுப்பலாம்.

அமெரிக்காவில் இருக்கும் தெரிந்த டாக்டரிடம் காட்டினால்?

க்ளெய்ம் வராது. அந்த வழிகாட்டுதல் இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர்களுக்கு மட்டுமே.

ஆபீஸ் பாலிசியில் "டெலி கன்சல்டேஷன் இலவசம்" என்கிறார்கள். வெளி டாக்டரைப் பார்த்தால்?

அந்த இலவசம் பெரும்பாலும் அவர்கள் சொல்லும் ஆப்பில் இருக்கும் டாக்டர்களுக்கு மட்டும்தான். வெளியே பார்த்துவிட்டுப் பில் கொடுக்கலாமா என்று ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், வாய்வார்த்தை பின்னால் உதவாது.

பாலிசியே இல்லை, என்ன செய்வது?

மத்திய அரசின் ஆன்லைன் மருத்துவ சேவையான இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம், கட்டணம் கிடையாது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் போனை வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாத் தாளும் கொடுத்தும் மறுக்கிறார்கள். அடுத்து எங்கே போவது?

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 600 ரூபாய்க்கா இவ்வளவு என்று தயங்க வேண்டாம், அங்கே 50 லட்சம் என்ற மேல்வரம்புதான் உண்டு. மறுப்புக் கடிதம், பாலிசி நகல், மருந்துச்சீட்டு, ரசீது, இவற்றை ஒன்றாகப் பின் அடித்துக் கொடுங்கள்.