மழைக்கு முன்பே வரும் தளிர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கூடலூர் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். மார்ச் மாதம் முதுமலைக் காட்டில் தெப்பக்காடு வழியாகப் போனபோது தேக்கெல்லாம் மொட்டையாக நின்றது. நடுவே ஒரு பூவமரம் மட்டும் செக்கச்செவேலென்று தளிர்விட்டிருந்தது. அதுவரை சொட்டு மழை இல்லை. ஒரே வெயிலில் நிற்கும் மரங்களுக்குள் ஏன் இந்த வேறுபாடு? கலப்புக் காட்டில் பசுமை அதிக நாள் நிற்கும் என்கிறார்களே, அது உண்மையா? பள்ளியைச் சுற்றி 12 மரங்களை, இனத்துக்கு ஒன்றாக எடுத்து, மாணவர்களோடு கவனிக்க ஆசை. எப்படிச் செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெயில் ஒன்றுதான். வேருக்கு எட்டும் ஈரம் ஒன்றல்ல. இலை உதிர்ந்ததும் மரத்திலிருந்து நீர் ஆவியாவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆழத்து ஈரத்தைத் தொடும் வேர் இருந்தால், அந்த நீர் மெல்ல மேலேறித் தண்டை நிரப்பும். மொட்டு புடைக்க அது போதும். பிறகு பகல் நீள்வதும் வெப்பம் ஏறுவதுமே அதற்கு அழைப்பு. உங்கள் பகுதியில் டிசம்பர் பகலுக்கும் ஜூன் பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதையும் உணரும் மரங்கள் இருக்கின்றன. தேக்கு பெரும்பாலும் மேல்மண் நனையும்வரை பொறுத்திருக்கும். கோடைமழை ஓரிரண்டு நன்றாக இறங்கினால்தான் அதன் மொட்டு அவிழும்.

பூவத்தின் தளிரை விரலில் ஏந்திப் பாருங்கள். துவண்டு தொங்கும், பளபளக்கும், பச்சை என்பதே தெரியாது. சில வாரங்களில் பச்சை ஏறி விறைத்துவிடும். மழையோடு புழுக்கள் பெருகும் நேரத்தில் இலை முற்றியிருக்கும். ஆய்வாளர்கள் கே.எஸ். முரளியும் ரா. சுகுமாரும் 1993-இல் வெளியிட்ட முதுமலை ஆய்வு இதைத்தான் காட்டியது: மழைக்கு முன்பே தளிர்த்த மரங்களில் பூச்சிக்கடி குறைவு.

இனி கலப்புக் காடு. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், ஆனால் எப்போதும் அல்ல. இன எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மழைக்கே காத்திருக்கும் பத்து இனங்களை நட்டால், அந்தத் தோப்பு ஒரே இனத் தோப்பு போலத்தான் நடந்துகொள்ளும். கோடைமழை மூன்று வாரம் தள்ளிப்போனால் அத்தனையும் சேர்ந்து தள்ளிப்போகும். ஆழவேர் மரம், தண்டில் நீர் தேக்கும் மரம், மழை பார்த்து எழும் மரம், இலையே உதிர்க்காத ஆற்றோர மரம் என்று பழக்கங்கள் வேறுபட்டால்தான் பசுமை பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். அந்த வறண்ட மாதங்களில் தளிரை நம்பியிருக்கும் குரங்குக்கும் மானுக்கும் இது வாழ்வா சாவா என்ற விஷயம்.

இந்தப் பழக்கங்களில் எவை ஓரிடத்தில் நிலைக்கும் என்பதை மழை தீர்மானிக்கிறது. முதுமலையின் கிழக்கே மாயாறு பக்கம் ஆண்டுக்கு 600–700 மி.மீ. மழை. மேற்கே கேரள எல்லை நோக்கிப் போனால், முப்பது கிலோமீட்டருக்குள், 1800 மி.மீ. வரை. கிழக்கே முள்மரமும் குட்டைமரமும், மேற்கே உயர்ந்த ஈரமான இலையுதிர் காடு. அதனால் கிழக்கே உள்ள மசினகுடியில் எடுத்த தேதியைக் கூடலூருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட மாணவர்கள் கேட்பார்கள். ஒப்பிடலாம், கவனம் தேவை. சிவந்த தளிர் அதில் பசுமையாகப் பதிவாகாது. முதல் மழைக்கே உண்ணிச்செடியும் புல்லும் பச்சைப்பிடித்துவிடும். மேலே தேக்கு மொட்டையாக நிற்க, படம் ‘காடு துளிர்த்தது’ என்று காட்டும். ஜூன் பிறந்தால் மேகம் மறைத்துவிடும்.

உங்கள் திட்டத்தில் ஒன்றை மாற்றச் சொல்வேன். 12 இனத்தில் ஒவ்வொன்று வேண்டாம். 4 இனத்தில் மும்மூன்று எடுங்கள். ஒரே ஒரு புங்கமரம் சீக்கிரம் துளிர்த்தால், அது புங்கத்தின் குணமா, சத்துணவுக்கூடத்துத் தண்ணீர் அதன் வேருக்குப் போனதாலா என்று பிரிக்க வழியில்லை. மரத்துக்கு எண் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே இடத்தில் நின்று, தளிர், முற்றிய இலை, பூ, காய் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்: இல்லையென்றால் 0, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழ் 1, அதற்கு மேல் 2. பூஜ்யத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் பூ இல்லையா, ஆளே வரவில்லையா என்று பிறகு தெரியாது. முதல் 1 வந்த வாரத்தை உடனே தேதியாக எடுக்காதீர்கள். அடுத்த வாரமும் 0-க்குத் திரும்பாமல் இருந்தால் எடுங்கள்.

மழையையும் அளந்தாக வேண்டும். பக்கம் நேராக உள்ள 2 லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் செருகுங்கள். அடிப்பள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் 0 கோடு போடுங்கள். காலை 8.30-க்கு அளவுகோலில் படித்துவிட்டு, மீண்டும் கோடுவரை சரிசெய்யுங்கள்.

டிசம்பரிலேயே தொடங்குங்கள், இலை எப்போது உதிர்ந்தது என்று தெரியாமல் தளிர்த்த தேதியை மட்டும் வைத்து, மரம் எத்தனை நாள் மொட்டையாக நின்றது என்று சொல்ல முடியாது. மின்கம்பிக்காகக் கிளை வெட்டிய மரத்தை மட்டும் சேர்க்காதீர்கள். வெட்டிய இடத்தில் எந்த மாதமும் தளிர் வரும்.