வாசகர் கேள்வி – பதில்: தெருவில் நடப்பவை

கேள்வி: ஆட்டோவுக்காகச் சாலையோரம் நின்றிருந்தபோது, இருசக்கர வாகனத்தில் வந்த இருவர் என் மனைவியின் செல்போனைப் பறித்துச் சென்றுவிட்டனர். காவல் நிலையத்தில் 'தொலைந்துவிட்டது' என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். வடசென்னை வியாசர்பாடிப் பக்கத்துப் பையன்களாகத்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், புரசைவாக்கம்

பதில்: முதலில், அப்படி எழுதித் தராதீர்கள். கையில் இருக்கும் பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆவது பிரிவில் தனிக் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கவில்லை. தொலைந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் கையில் ஒரு ரசீது இருக்கும், விசாரணை இருக்காது. அந்தத் தெருமுனையில் அன்று ஒரு குற்றம் நடந்தது என்பதே கணக்கில் ஏறாது; கணக்கில் ஏறாத இடத்துக்கு ரோந்து வண்டியும் வராது.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: நின்ற இடம், நேரம், வண்டி வந்த திசை, கை நீட்டியவர் ஓட்டியவரா பின்னால் அமர்ந்திருந்தவரா என்பது, செல்போன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண். எங்கள் எல்லை இல்லை என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம், அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால், புகாரை அஞ்சலில் மேலதிகாரிக்கு அனுப்பச் சட்டமே வழி வைத்திருக்கிறது. இதற்கிடையே சிம்மை முடக்குங்கள், வங்கியில் சொல்லி யு.பி.ஐ.யை நிறுத்துங்கள், புகார் நகலைக் கொண்டு, தொலைந்த, திருடுபோன செல்போன்களை முடக்குவதற்கான மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அந்தக் கருவியையே செயலிழக்கச் செய்யுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

வியாசர்பாடி என்று சொன்னவர்களிடம் ஒன்று கேளுங்கள்: வண்டி எண்ணைப் பார்த்தார்களா, முகத்தைப் பார்த்தார்களா? 2025 மார்ச் 25 அன்று ஒரே காலையில் சைதாப்பேட்டை, கிண்டி முதலான தென் சென்னைப் பகுதிகளில் அடுத்தடுத்துச் சங்கிலிகள் பறிபோயின. அந்த வழக்கில் இருவர் பிடிபட்ட இடம் மீனம்பாக்கம் விமான நிலையம்; அவர்கள் வேறு மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். அதற்காக வெளிமாநிலத்தார் எல்லாரையும் சந்தேகிப்பதும் அதே தவறுதான். ஆளைத் தேடித்தர வேண்டியது விசாரணை. ஊர்ப்பெயரைச் சொன்னவுடன் ஆள் கிடைத்துவிட்டதாக நினைத்தால், உண்மையாகப் பறித்தவன் தப்பிவிடுவான். வியாசர்பாடியிலிருந்து வேலை கேட்டு வரும் இளைஞன் முகவரியைச் சொல்லத் தயங்குவான். இந்தத் தயக்கத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: எங்கள் தெருவுக்குப் பின்புறமுள்ள குடியிருப்பில் யாராவது இறந்தால் விடிய விடிய ஒலிபெருக்கி வைத்துக் கானா பாடுகிறார்கள். தூக்கம் கெடுகிறது. இதையும் இசை என்று கொண்டாடுவது சரிதானா?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: தாங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். தூக்கத்தைப் பொறுத்தவரை தங்கள் பக்கம் நியாயம் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலே எல்லை. ஆனால் இவ்விதி கல்யாண ஊர்வலத்தின் செண்டை மேளத்துக்கும், கட்சிக் கூட்டத்துக்கும், கோயில் திருவிழாக் குழாய் ஒலிபெருக்கிக்கும் பொருந்தும். அவற்றைப் பொறுத்துக்கொள்ளும் தெரு, சாவு வீட்டுக்கு மட்டும் போலீசை அழைப்பது முறையாகாது. மறுநாள் பகலில், இழவு வீட்டாரிடம் அல்லாமல் பகுதிப் பெரியவர்களிடம் பேசி, பத்து மணிக்கு மேல் பெருக்கியை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள். டோலக்கும் குரலும் தொடரட்டும்.

இசையா என்ற கேள்விக்கு என் விடை, இசைதான். மரண கானாவை ஒருமுறை பந்தலுக்குள் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். ஐஸ் பெட்டிக்கு அருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாடகர், இறந்தவர் எந்தச் சந்தையில் மூட்டை தூக்கினார், எந்த மகளுக்குக் கடன் வாங்கிக் கல்யாணம் செய்தார் என்பதை வீட்டாரிடம் கேட்டறிந்து, அங்கேயே அடியெதுகை பிசகாமல் கட்டிப் பாடுவார். அதுவரை இறுகிப்போயிருந்த மனைவி அப்போதுதான் வாய்விட்டு அழுவார். அந்த அழுகைக்கு இடம் தருவதே அக்கலையின் வேலை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு முதன்முறையாக மேடையேறியபோது கானா நகரத்தின் நடுமேடைக்கு வந்தது. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த இக்கலையில் பாடி முன்வந்த வடசென்னைப் பெண்ணான இசைவாணியை, 2020ஆம் ஆண்டின் நூறு பெண்கள் பட்டியலில் பி.பி.சி. சேர்த்தது.

கேள்வி: எங்கள் பகுதி நடைபாதையெங்கும் குப்பை. மொத்தத்தையும் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமே? வடசென்னைக் கொடுங்கையூர்க் கிடங்கில் குப்பை எரிஉலை அமைக்கும் திட்டத்தை அங்குள்ள மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?
– வாசகி, அண்ணாநகர்

பதில்: அம்மா, அண்ணாநகர் மண்டலத்தின் குப்பையைச் சுமந்துவந்ததும் கொடுங்கையூர்க் கிடங்குதான். பல பத்தாண்டுகளாக நகரத்தின் வடபாதிக் கழிவு அங்கே மலையாகக் குவிந்து, கோடையில் தீப்பிடித்துப் புகைந்து, மழையில் கசிந்து நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறது. பக்கத்தில் மணலியின் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை. அதற்கப்பால் எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்களின் சாம்பல். இத்தனைக்கும் மேல் ஒரு புகைக்கூண்டு வேண்டாம் என்று 2025இல் அவர்கள் மனிதச் சங்கிலியாக நின்றது, தங்கள் பிள்ளைகளின் மூச்சுக்காக.

மேலும், நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் கழிவு. சாம்பார்ச் சக்கையும் வாழைப்பழத் தோலும் எரியக்கூடிய பொருள்கள் அல்ல. அவை மட்கி உரமாக வேண்டியவை. ஈரம், உலர், அபாயகரம் என்று வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டுமென 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறின. நடைபாதைக் குப்பைக்கு மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் புகார் பதியலாம். தூய்மைப் பணியாளரைக் குறைசொல்லுமுன், அவர் வரும் நேரத்தில் பிரித்த வாளியோடு வாசலில் யாராவது நிற்கிறார்களா என்றும் பாருங்கள். சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றித் தனியே கொடுத்தாலே, அதை வெறும் கையால் பிரிக்கும் ஒரு பெண்ணின் நாள் மாறிவிடும்.

கேள்வி: மகனுக்குத் தண்டையார்பேட்டையில் வேலை. அங்கே குடியேற வேண்டாம், ரவுடிகள் ஊர் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகக் குடியேறட்டும். 2021 முதல் மெட்ரோ ரயிலும் அங்கே ஓடுகிறது. வீடு பார்க்கும்போது கீழ்வீட்டுப் பெண்களிடம், குழாயில் கழிவுநீர் கலந்து வருகிறதா, மழைக்குத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், காற்றில் ஆலை நெடி எந்நேரம் வீசும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை இவைதான்.