கேக் தர மறுத்த டென்வர் கடைக்காரர் காட்டும் 2018 தீர்ப்பு

உங்களுக்குக் கேக் தர மறுத்த டென்வர் கடைக்காரர், மதத்தைக் காட்டி மறுக்க 2018 அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தனக்கு உரிமை தருவதாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார், அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்தத் தீர்ப்பு அவருக்கு அப்படியொரு உரிமையைத் தரவில்லை. அலமாரியில் விலைபோட்டு வைத்திருந்த கேக்கை, இரண்டு பெண்களின் கல்யாணத்துக்கு என்றதும் "என் மதம் ஒப்பாது" என்று உங்களுக்கு மறுத்தது கொலராடோ சட்டப்படி தவறுதான்.

அவர் பாதிக் கதையைத்தான் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது. அவர் காட்டும் 2018இன் மாஸ்டர்பீஸ் கேக்‌ஷாப் வழக்கில் ஒருபாலினத் தம்பதிக்குக் கல்யாணக் கேக் செய்ய மறுத்த பேக்கரிக்காரர், ஏழு நீதிபதிகள் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் (7-2) ஜெயித்தது உண்மை. ஆனால் அந்தப் புகாரை விசாரித்த கொலராடோ சிவில் உரிமை ஆணையம் அவருடைய நம்பிக்கையை இளக்காரமாகப் பேசியதுதான் அதற்குக் காரணம். 2023இல் வந்த 303 கிரியேட்டிவ் தீர்ப்பு வேறு: உடன்படாத கருத்தைச் சொல்லும் இணையதளத்தை உருவாக்கும்படி ஒரு வடிவமைப்பாளரை அரசு கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அது பேச்சுரிமையை வைத்துத்தான், மதத்தை வைத்தல்ல. மதத்தைக் காட்டிக் கறுப்பினத்தவருக்கு உணவு மறுத்த தென் கரோலினா உணவகத்தின் வாதத்தை 1968லேயே உச்ச நீதிமன்றம் அற்பமானது என்று தள்ளிவிட்டது.

அதனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கேக்கின் மேல் பெயரோ வாசகமோ எழுதச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவர் 303 தீர்ப்பைப் பிடித்துக்கொள்வார், இழுபறியாகும். வெறும் வெள்ளை கேக், அடுத்து வந்தவருக்கு அதையே விற்றிருப்பார் என்றால் உங்கள் பக்கம்தான் வலு. அவர் அனுப்பிய மெசேஜை அழித்துவிடாதீர்கள். கொலராடோ சிவில் உரிமைப் பிரிவில் 60 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

இதெல்லாம் கொலராடோவுக்குத்தான். உணவகம், விடுதி போன்ற பொது இடங்கள் தொடர்பான 1964 மத்தியச் சட்டத்தில் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு மட்டுமே உண்டு. பாலின ஈர்ப்பு இல்லை. கல்யாணம் வேறு மாநிலத்தில் என்றால், அங்கே கடை பார்க்கும்முன் அந்த மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.