விடிகாலை நான்கு மணிக்கு அப்பா யாரிடம் பேசுகிறார்?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறோம். அப்பாவுக்கு வயது 72. நாற்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அன்று முதல் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, டார்ச் லைட்டோடு நடந்து, முன்பு எங்கள் லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது. அம்மாவிடம் பேசுவதுபோல் பேசுகிறார். கேட்டால், “உன் அம்மா போய்விட்டாள் என்று எனக்குத் தெரியாதா?” என்கிறார். ஏழு மணிக்குத் திரும்பிப் பசியாறுகிறார். மாலையில் கோயிலுக்குப் போகிறார். தாமானில் (நாங்கள் இருக்கும் குடியிருப்பில்) எல்லோரும் புத்தி பிசகிவிட்டது என்கிறார்கள். அண்ணன், தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். இது மனநோயா? (அப்பாவுக்கு நீரிழிவு உண்டு. மருந்தெல்லாம் அம்மாதான் எடுத்துக் கொடுப்பார். போன மாதம் இரண்டு முறை, இன்சுலின் போட்டதை மறந்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.)

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியதைத்தான் முதலில் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது அந்த வரிதான். இன்று முதல் இன்சுலின் பேனா உங்கள் கையில் இருக்கட்டும். போட்டாரா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள். சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். கை நடுங்கி, வேர்த்து, பேச்சு குழறினால், அல்லது சர்க்கரை அளவு 4-க்குக் (mmol/L) கீழே இறங்கினால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். விடிகாலையில் வெறும் வயிற்றோடு அவர் நடக்கிறார். அந்த இருட்டில் சர்க்கரை இறங்கினால் பார்க்க ஆள் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நடத்தையை எப்போது பிறழ்வு என்று சொல்வது? உளவியல் இதற்கு ஒற்றை அளவுகோல் வைத்திருக்கவில்லை. பலவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

அபூர்வமானது என்பதால் மட்டும் ஒன்று நோயாகிவிடாது. நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100. 70-க்குக் கீழே வருபவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். 130-க்கு மேலே வருபவர்களும் அதே இரண்டு பேர்தான். பின்னவர்களை யாரும் மருத்துவரிடம் அழைத்து வருவதில்லை. இதை மறுபக்கமாகவும் பாருங்கள். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்குச் சம்சு என்ற மலிவுச் சாராயத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சம்பள நாளில் லயத்துக்கு லயம் ஆண்கள் விழுந்து கிடந்தார்கள், பிள்ளைகள் பசியோடு தூங்கினார்கள். பலரும் குடித்ததால் அது “வழக்கம்” ஆயிற்று. எத்தனையோ பேரின் கல்லீரலையும் குடும்பத்தையும் தின்ற அந்த நோயை யாரும் நோய் என்று சொல்லவில்லை. விடிகாலையில் மனைவியோடு பேசும் ஒரு முதியவருக்கு மட்டும் புத்தி பிசகிவிட்டது என்கிறோம். இது எனக்குத் தாங்கவில்லை.

ஊர் வழக்கத்தை மீறுவது அடுத்த அளவுகோல். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக்குக் கன்னத்தில் அலகு குத்திப் போகிறவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அவரே ஒரு சாதாரண நாளில் வங்கி வாசலில் அப்படி நின்றால் பயந்துவிடுவோம். செயல் ஒன்றுதான், இடமும் நாளும் மாறியதும் அதன் பொருள் மாறிவிடுகிறது. இந்த அளவுகோலை மட்டும் நம்பினால் என்ன விபரீதம் நேரும் என்பதற்கு வரலாறு சாட்சி. 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், முதலாளியிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு ஒரு மனநோய் இருப்பதாகச் சொல்லி அதற்குப் பெயரும் வைத்தார். விடுதலைக்கு ஓடியதே நோயாம்! ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் அதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது.

ஆகவே இன்று மருத்துவர்கள் அழுத்திக் கேட்பவை வேறு. அந்த நடத்தை அவரைத் துன்புறுத்துகிறதா? உண்பது, உறங்குவது, குளிப்பது, பிறரோடு பழகுவது கெட்டிருக்கிறதா? அவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து உண்டா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூல், நெருங்கியவரின் மரணம் போன்ற இழப்புக்கு எதிர்பார்க்கக்கூடிய அல்லது பண்பாடு ஏற்கும் எதிர்வினை மனநோய் ஆகாது என்றே வரையறுக்கிறது. 1971-இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு மணிக்கு எழுவதையும் நீங்கள் நோயோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நின்று, உளியோடு மர நிரைக்குள் இறங்கினார்கள். நாற்பது ஆண்டுகள் அப்படிப் பழகிய உடம்பு ஓய்வு பெற்றதும் ஏழு மணி வரை தூங்குமா? அந்த நேரத்தில் அவருக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சுத் துணையைத் தேடி அவர் சரியான நேரத்துக்குச் சரியான இடத்துக்குத்தான் போகிறார்.

அம்மா இல்லை என்பது அவருக்குத் தெரிகிறது. சாப்பிடுகிறார், கோயிலுக்குப் போகிறார். நம் வழக்கமே ஓராண்டு துக்கம் காக்கச் சொல்கிறது. உங்களுக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது துக்கம்.

ஆனால் மறதியை அப்படி விட்டுவிட மாட்டேன். மருந்துப் பொறுப்பு முழுவதும் அம்மாவிடம் இருந்ததால் அவருக்குப் பழக்கமில்லாமல் போயிருக்கலாம். நினைவாற்றல் குறையும் நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். மெட்ஃபோர்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைவதுண்டு. அதுவும் மறதி தரும். அரசாங்கக் கிளினிக்கில் நினைவாற்றல் சோதனை, மனச்சோர்வுக்கான கேள்விகள், பி12, தைராய்டு, இரத்தத்தில் உப்புச்சத்து எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். வழி தவறினாலோ, அம்மா உயிரோடு இருப்பதாக நம்பினாலோ, சாப்பாட்டை வெறுத்தாலோ, தானும் போய்விட வேண்டும் என்று பேசினாலோ காத்திருக்காமல் அன்றே அழைத்துப் போங்கள்.

அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்: தஞ்சோங் ரம்புத்தானில் இருப்பது 1911 முதல் இயங்கும் மருத்துவமனை, குணமாகி வீடு திரும்புகிறவர்கள் உண்டு. நம் ஊர்களில் அதன் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்க்க வேண்டுமானால் மருத்துவர் நேரில் பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். தாமானில் பேசுகிறார்கள் என்பது அதற்குக் காரணமாகாது.

ஒருநாள் விடிகாலையில் நீங்களும் அப்பாவோடு போய்வாருங்கள். ஒரு பிளாஸ்கில் தேநீரும் நான்கு பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது மருந்து அட்டையையும், இந்த வாரம் குறித்துவைத்த சர்க்கரை அளவுகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.